மடோப்பாரைத் தள்ளிப்போட்டால் மிச்சமாவது ஒன்றுமில்லை

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷக் கடைசியில், வலது கை சும்மா இருக்கும்போது நடுங்கத் தொடங்கியது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. கையெழுத்து வர வரச் சின்னதாகிறது. ஈப்போவில் நிபுணர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோயின் ஆரம்பம் என்று சொல்லி, மடோப்பார் 250 மாத்திரையைக் கால் கால் பங்காக மூன்று வேளைக்குக் கொடுத்தார். மூன்றாம் நாளே குமட்டல், வாந்தி. டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனோம்; வாந்திக்கு மாக்சலோன் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் அப்பா முன்பைவிட இறுகிப்போனார், நடையும் தளர்ந்துவிட்டது. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது. "இந்த மருந்து அஞ்சு வருஷந்தான் கேக்கும், இப்பவே ஆரம்பிச்சா பின்னாடி ஒண்ணும் இருக்காது" என்று சித்தப்பா சொன்னதும், நாலு நாளாக அப்பா அந்த மாத்திரையைத் தொடவில்லை. இந்தியாவிலிருந்து வந்த பூனைக்காலிச் சூரணத்தைக் காலை, மாலை ஒரு தேக்கரண்டி பாலில் கலந்து குடிக்கிறார். ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபைன் 10, இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் முன்பிருந்தே உண்டு. என்ன செய்வது? இளவயதில் தோட்டத்தில் மருந்தடிப்பு வேலை பார்த்ததால்தான் இந்த நோய் வந்ததா? — மகள், சுங்கை சிப்புட்

பதில்:

சகோதரி, அந்த மாக்சலோனை அப்பாவுக்கு இனி ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள். அவர் இறுகிப்போனதற்கு மடோப்பார் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாக்சலோன்தான் காரணமாக இருக்கும். பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் டோபமின் என்ற பொருள் குறைந்துபோகிறது. மடோப்பார் அதை ஈடுகட்டுகிறது. மாக்சலோனில் இருக்கும் மெட்டோக்ளோப்ரமைட், மூளைக்குள் புகுந்து டோபமின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. வாந்தி நிற்கும், உடம்பு இறுகும். அதை நிறுத்தினால் இறுக்கம் விடும். சிலருக்குச் சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில்.

இதே வேலையைச் செய்யும் இன்னும் சில மருந்துகள் நம் ஊர்களில் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் ஸ்டெமெட்டில் முதலாவது. அதே தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் சாப்பிடும் ஸ்டூகெரோன், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளுனரிசின், மனநல மருந்தான ஹாலோபெரிடோல் எல்லாம் இந்த வரிசைதான். அப்பாவுக்கு இப்போது தலைசுற்றலும் இருப்பதால், அடுத்த முறை யாராவது ஸ்டெமெட்டில் எழுதிக்கொடுக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஒரு சின்ன அட்டையில் மலாயில் அல்லது ஆங்கிலத்தில், "பார்க்கின்சன் நோயாளி, மாக்சலோனும் ஸ்டெமெட்டிலும் கொடுக்க வேண்டாம்" என்று எழுதி அவருடைய அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நடுக்கம் தொடங்குவதற்கு முன்னால் இந்த மாத்திரைகளில் எதையாவது அவர் நெடுநாள் சாப்பிட்டு வந்தாரா? ஆமென்றால் நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தால் வந்த நடுக்கமும் பார்க்கின்சன் போலவே இருக்கும். அந்த மருந்தை நிறுத்தினால் பலருக்கு அது குறைந்துவிடும்.

இனி வாந்திக்கு வருவோம். மடோப்பாரில் இரண்டு பொருள்கள் உண்டு. 250 என்றால் லெவோடோபா 200 மி.கி., பென்செராசைடு 50 மி.கி. லெவோடோபா மூளைக்குள் போன பிறகுதான் டோபமினாக மாற வேண்டும். வழியிலேயே மாறிவிட்டால், மூளையின் பாதுகாப்புத் தடுப்புக்கு வெளியே இருக்கும் வாந்தி மையத்தை அது கிளறும். அப்படி வழியில் மாறாமல் தடுக்கத்தான் பென்செராசைடு. அந்தத் தடுப்பு நூற்றுக்கு நூறு கிடையாது. மீறி மாறுவது குமட்டலாகத் தெரிகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க வழி உண்டு. மாத்திரையோடு இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட் அல்லது ஒரு துண்டு வெறும் ரொட்டி கொடுங்கள். ஒரு முழு கிளாஸ் தண்ணீர் குடிக்கட்டும். இஞ்சித் தேநீரோ கோப்பி ஓவோ பால் இல்லாமல் குடிக்கலாம். மைலோ, தே தாரிக், முட்டை, பருப்பு இதெல்லாம் மாத்திரையோடு வேண்டாம். புரதம் லெவோடோபாவோடு ஒரே வாசலுக்குப் போட்டிபோட்டு, குடலிலும் மூளையின் தடுப்பிலும் அதை உள்ளே விடாமல் செய்யும். பிறகும் வாந்தி நிற்காவிட்டால் டாக்டரிடம் கேட்க வேண்டிய மருந்து டொம்பெரிடோன். மோட்டிலியம் என்று விற்பார்கள். 10 மி.கி., மடோப்பாருக்கு அரை மணி நேரம் முன்னால், ஒரு நாளைக்கு 30 மி.கி.-க்கு மேல் போகாமல், கொஞ்ச நாட்களுக்கு மட்டும். இது மூளைக்குள் அவ்வளவாகப் புகுவதில்லை, அதனால் உடம்பை இறுக்காது. ஆனால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. அப்பா அறுபதைத் தாண்டியவர், கொதிப்பும் இனிப்புநீரும் உள்ளவர் என்பதால் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகு தொடங்குவதுதான் சரி. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் சாப்பிடும் நாட்களில் டொம்பெரிடோன் கூடாது. மருந்துக் கடையில் நீங்களாகவே வாங்கித் தொடங்க வேண்டாம்.

திரும்ப எப்படித் தொடங்குவது? ஈப்போ மருத்துவமனையின் நரம்பியல் கிளினிக்குக்கோ அங்குள்ள மருந்தகத்துக்கோ போன் செய்து, நாலு நாள் விட்டதையும் மாக்சலோனையும் சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பா சாப்பிட்டது தொடக்க அளவுதான் என்பதால், பெரும்பாலும் அதே கால் மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வார்கள். வாந்தி இல்லாவிட்டால் ஒன்றிரண்டு வாரம் கழித்து அரை மாத்திரையாக, அதாவது வேளைக்கு 100 மி.கி. லெவோடோபாவாக, உயர்த்துவது வழக்கம். உயர்த்துவதை டாக்டர் சொன்ன தேதியில் செய்யுங்கள். நல்ல நாள் கெட்ட நாள் பார்த்து அப்பாவே கூட்டிக் குறைக்க விடாதீர்கள்.

நேரம் மிக முக்கியம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. காலை 7, மதியம் 12, மாலை 5 என்று வைத்துக்கொண்டால் பசியாறலுக்கும் இரண்டு சாப்பாட்டுக்கும் இடம் கிடைக்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, மணி அடித்ததும் போய் நின்ற மனிதர் அவர். மாத்திரைக்கும் அதே போல் கைப்பேசியில் மணி வைத்துவிட்டால் பிடித்துக்கொள்வார். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு கொடுங்கள், அதுவும் வயிற்றைப் புரட்டக்கூடிய மருந்துதான். இரும்புச் சத்து மாத்திரையோ, இரும்பு சேர்ந்த சத்து மாத்திரையோ இருந்தால் மடோப்பாருக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும்; இரண்டும் வயிற்றில் பிணைந்துகொண்டால் மருந்து உள்ளே ஏறாது. பி வைட்டமின் மாத்திரையான நியூரோபியான் சாப்பிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். அதிலுள்ள பி6 லெவோடோபாவைக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை, பென்செராசைடு சேராத பழைய லெவோடோபாவுக்கு உரியது. மடோப்பாருக்கு அந்தத் தொல்லை இல்லை. புரதத்தையே குறைத்துவிடவும் வேண்டாம். ஆரம்ப நிலையில் நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். மீனும் முட்டையும் பருப்பும் நிறுத்தினால் அப்பா மெலிந்துதான் போவார்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

காலைத் தலைசுற்றலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லெவோடோபா ரத்தக் குழாயைத் தளர்த்தும். பார்க்கின்சன் நோயே எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளைப் பாதிக்கும். மேலே அம்லோடிபைன் 10. மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன. வீட்டில் பிரஷர் கருவி இருந்தால் இப்படிப் பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. படுத்திருக்கும்போது 138/80, நின்றதும் 112/70 என்று வந்தால், அப்பா விழுந்துவிடக்கூடிய அளவு இறக்கம் அது. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே கவனிக்க வேண்டும். ஒரு வாரம், காலையிலும் மடோப்பார் சாப்பிட்டு ஒரு மணி நேரத்திலும் பார்த்து எழுதி, அந்தத் தாளைப் பக்கத்து அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்கு எடுத்துப் போங்கள். அம்லோடிபைனைக் குறைக்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். அதுவரை, கட்டிலை விட்டு இறங்குமுன் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்து, ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு எழட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை ஆறு அங்குலம் உயர்த்துங்கள். மதியம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்ட பிறகும் அழுத்தம் இறங்கும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. ராத்திரி வெளிக் கழிப்பறைக்குத் தனியாகப் போக வேண்டாம். தலைசுற்றல் அடங்கும்வரை மோட்டார் சைக்கிள் சாவி உங்களிடம் இருக்கட்டும்.

இப்போது சித்தப்பா சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. டாக்டர்களே ஒரு காலத்தில் லெவோடோபாவைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். ஆனால் ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 445 ஆரம்ப நிலை நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு உடனே லெவோடோபா, மீதிப் பேருக்கு 40 வாரம் கழித்து. 80-ஆவது வாரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று 2019-இல் முடிவு வெளியானது. முன்னால் தொடங்கியதால் நோய் மோசமாகவும் இல்லை, தள்ளிப்போட்டதால் எதுவும் மிச்சமாகவும் இல்லை. மருந்து கிடைக்காததால் தாமதமாகத் தொடங்கிய கானா நாட்டு நோயாளிகளை, சீக்கிரம் தொடங்கிய இத்தாலி நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. மருந்தின் பலன் வேளைக்கு வேளை தேய்வதும், உடம்பு தானாக நெளிவதும் நோய்க்கு வயதாக ஆக வந்தனவே தவிர, எத்தனை வருஷம் லெவோடோபா சாப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து வரவில்லை.

"அஞ்சு வருஷம்" என்ற பேச்சுக்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆரம்பத்தில் மூளையில் மிஞ்சியிருக்கும் செல்கள் லெவோடோபாவை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லச் செலவழிக்கும். அதனால்தான் ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும் மருந்து, நாளுக்கு மூன்று வேளையில் போதுமாகிறது. வருஷங்கள் போகப் போக அந்தச் செல்கள் குறையும், வாங்கி வைக்க இடமிருக்காது. அடுத்த வேளைக்கு முன்னாலேயே பலன் இறங்குவதை நோயாளி உணர்வார். அப்போதும் மருந்து வேலை செய்யும், ஆனால் வேளைகளை நெருக்கமாக்க வேண்டும், பலனை நீட்டும் என்டகப்போன் போன்ற மருந்தைச் சேர்க்க வேண்டி வரலாம். தானாக நெளியும் அசைவு இளவயதில் நோய் வந்தவர்களுக்கும் பெரிய அளவு சாப்பிடுபவர்களுக்கும் அதிகம். நாளுக்கு 400 மி.கி. லெவோடோபாவுக்குள் வைத்திருந்தால் அந்த ஆபத்து குறைவு. அப்பாவுக்கு எழுதியிருப்பது 150 மி.கி. உயர்த்தினாலும் 300. டாக்டர் கவனமாகத்தான் தொடங்கியிருக்கிறார்.

நடுக்கம் லேசாக இருந்து அன்றாட வேலைக்குத் தடை இல்லையென்றால், மருந்தில்லாமல் சில மாதம் பார்ப்பதில் தவறில்லை. அப்பா அந்தக் கட்டத்தில் இல்லை. பொத்தான் போட முடியாதவர் மெல்ல மெல்ல வெளியே போவதைக் குறைப்பார், கை வீசி நடப்பதை விடுவார், தோள்பட்டை இறுகும், பிறகு விழுவார். அந்த இழப்பை எந்த மருந்தும் திரும்பக் கொடுக்காது.

பூனைக்காலி விஷயத்தில் நான் சொல்லப்போவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அதில் இருப்பதும் லெவோடோபாதான். விதையில் சுமார் 4 முதல் 6 விழுக்காடு. நடுக்குவாதத்துக்கு நம் வைத்தியர்கள் அதைக் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்று வைத்தால் 200 முதல் 300 மி.கி. லெவோடோபா. ஆனால் பென்செராசைடு இல்லை, ஆகவே பெரும்பகுதி வழியிலேயே டோபமினாகி வாந்தியையும் தலைசுற்றலையும் கொடுக்கும். மூளைக்குப் போய்ச் சேருவது கால் மடோப்பார் கொடுப்பதைப் போல ஏறக்குறைய அதே அளவுதான். அதையும் பாலில் கலந்தால் புரதம் ஒரு பங்கைத் தடுத்துவிடும். சூரணத்துக்குச் சூரணம், போத்தலுக்குப் போத்தல் அளவு மாறும் என்பதுதான் பெரிய சிக்கல்; இன்று எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. மடோப்பாரோடு சேர்த்துக் கொடுத்தால் பென்செராசைடு சூரணத்து லெவோடோபாவையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பிவிடும், அளவு திடீரென்று எகிறும். "மருந்து வேண்டாம்" என்று சொல்லி அப்பா அதே மருந்தைத்தான் அளவில்லாமல் குடித்துக்கொண்டிருக்கிறார். மடோப்பார் தொடங்கும் நாளில் சூரணத்தை நிறுத்திவிடுங்கள்.

மருந்து கேட்கிறதா என்று நடுக்கத்தை வைத்து மட்டும் பார்க்காதீர்கள். நடுக்கம்தான் கடைசியில், அதுவும் அரைகுறையாகக் குறையும். மெதுவும் இறுக்கமும் முதலில் விடும். ஒரு நோட்டில் ஞாயிறுதோறும் ஒரே வரியை அப்பாவை எழுதச் சொல்லுங்கள். எழுத்து பெரிதாகிறதா என்று தெரியும். சட்டையின் எல்லாப் பொத்தானும் போட எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் குறியுங்கள். நிபுணருக்கு இந்த நோட்டு பத்துக் கேள்விக்குப் பதில்.

மாத்திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு உண்டு, கால் பங்காக உடைக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். அன்றன்று உடைத்தால் போதும், ஒரு வாரத்துக்கு உடைத்துப் போட்டு வைக்காதீர்கள். ஈரம் இந்த மருந்துக்கு ஆகாது. போத்தலை இறுக மூடி, உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருளை எடுக்காமல், அடுப்புப் பக்கமில்லாத அலமாரியில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்தால் வெயிலில் கெட்டுவிடும். சிறுநீரும் வியர்வையும் சிவந்தோ கருத்தோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது லெவோடோபாவின் நிறம். பின்னாளில் மடோப்பார் எச்பிஎஸ் என்ற, மெல்ல மெல்ல மருந்தை விடும் கேப்ஸ்யூல் கொடுத்தால் அதைப் பிரிக்கவோ மெல்லவோ கூடாது. மலச்சிக்கலைக் கவனியுங்கள், குடல் மெதுவானால் மருந்தும் தாமதமாகவே வேலை செய்யும்.

வேறு மருந்துகளுக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொன்னால் சிலவற்றைத் தெரிந்து வைத்திருங்கள். நடுக்கத்துக்கு பென்ஹெக்சோல் மலிவான பழைய மாத்திரை. அப்பா வயதில் அது மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் கூட்டிவரும். கண் அழுத்தம் உள்ளவருக்கு இன்னும் ஆபத்து. செலிஜிலின் அல்லது ரசாஜிலின் கொடுத்தால், முட்டிவலிக்கு டிராமடோலும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்தும் கூடாது. செலிஜிலினை மாலையில் கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

டோபமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் பக்க விளைவை வீட்டில் உள்ளவர்கள்தான் கண்டுபிடிக்க முடியும். கால் வீங்கலாம், பேசிக்கொண்டிருக்கும்போதே, வண்டி ஓட்டும்போதேகூடத் திடீரென்று தூங்கிவிடலாம். எல்லாவற்றையும்விட, அடக்க முடியாத ஆசை கிளம்பலாம். எப்போதோ ஒரு வெள்ளிக்கு லாட்டரி நம்பர் எடுத்தவர் தினமும் நூறு வெள்ளிக்கு எடுப்பார். தேவையில்லாததை வாங்கிக் குவிப்பார், நடுராத்திரியில் எழுந்து தின்பார், தாம்பத்திய ஆசை அளவு மீறும். வட அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இந்த வகை மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 17 விழுக்காட்டினருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது. இது குணக்கேடு கிடையாது, மருந்தின் வேலை. அவமானத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்தையும் படிப்படியாகத்தான் குறைக்க முடியும்.

எந்தப் பார்க்கின்சன் மருந்தையும் சட்டென்று நிறுத்தக் கூடாது. இப்போது நாலு நாள் விட்டதில் தப்பித்தது, அளவு குறைவாக இருந்ததால். நல்ல அளவில் சாப்பிடுபவர் ஒரேயடியாக நிறுத்தினால், கடும் காய்ச்சல், கட்டைபோல் இறுகும் உடம்பு, நினைவுத் தடுமாற்றம் வரலாம். அது உயிர்போகும் நிலை, 999-ஐ அழைக்க வேண்டும். வேறு நோய்க்காக வார்டில் சேர்த்தால் போத்தலையும் நேரத் தாளையும் கூடவே கொண்டுபோய், மாத்திரை நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். தைப்பூச விரதமோ வெள்ளிக்கிழமை விரதமோ இருந்தால் இருக்கட்டும், மாத்திரையும் தண்ணீரும் நிற்கக் கூடாது. இல்லாத ஆளோ பூச்சியோ கண்ணுக்குத் தெரிவதாக அப்பா சொன்னாலும் மருந்தை நிறுத்தாமல் உடனே கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உடம்பில் நீர் வற்றியது இவற்றை அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

மருந்தடிப்பு பற்றிக் கேட்டீர்கள். பாராகுவாட், நம் தோட்டங்களில் கிராமக்சோன் என்று எல்லாரும் அறிந்த களைக்கொல்லி, அதோடு புழங்கியவர்களிடம் பார்க்கின்சன் கூடுதலாகக் காணப்பட்டதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. ஆனால் ஒரு தனி மனிதருக்கு அதனால்தான் வந்தது என்று எந்தச் சோதனையாலும் காட்ட முடியாது. அதை அடித்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வந்ததுமில்லை. எந்த வருஷங்களில், எந்த மருந்தை, கையுறையும் முகமூடியும் இல்லாமல் அடித்தாரா என்பதை நிபுணரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். சிகிச்சை எப்படியும் இதேதான்.

மாத்திரைக்காக மாதாமாதம் ஈப்போவுக்கு அலைய வேண்டியதில்லை. எஸ்பியூபி திட்டத்தில் பதிந்துகொண்டால், நிபுணர் எழுதிய மருந்தை அடுத்தடுத்த மாதங்களில் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ கிளினிக் கெசிஹாத்தானிலோ வாங்கலாம். ஈப்போ மருந்தகத்தில் முதல் தடவை மருந்து வாங்கும்போதே கேளுங்கள், அங்கிருந்துதான் அனுப்பி வைப்பார்கள். இருப்பில் இரண்டு வாரத்துக்கு மருந்து இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.